கடற்கரை அக்காவின் பிறந்த வீடு

மதுரையில் கடல் கிடையாது. வைகையில் தண்ணீர் வந்தாலே பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு செல்போனில் படம் எடுக்கிற ஊர் இது. ஆனாலும் டிசம்பர் இருபத்தாறாம் தேதி காலையில் எங்கள் சபையில் எல்லோரும் கடலைப் பற்றித்தான் பேசுவோம். கிறிஸ்மஸுக்கு மறுநாள் அது. கோவிலுக்குள் கட்டிய வண்ணத்தாள்கள் ஒரு பக்கம் ஒட்டு விட்டுத் தொங்கிக்கொண்டிருக்கும். பாடுகிறவர்களுக்கெல்லாம் தொண்டை கட்டியிருக்கும். பிள்ளைகள் புதுச்சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று அதிலேயே தூங்கி எழுந்து கசங்கலாக வந்து நிற்பார்கள். போதகர் பாட்டு எதுவும் சொல்லமாட்டார். சுனாமியில் போனவர்களை நினைத்து எல்லோரும் கொஞ்ச நேரம் கண்ணை மூடி நிற்போம்.

கண்ணை மூடினால் எனக்கு ஒரு கடல் வரும். நான் மேலூர்ப் பக்கம் பிறந்தவள். நெல்வயலையும் பாதி வெட்டிய கல்மலையையும் பார்த்து வளர்ந்தவளுக்குக் கடல் எப்படித் தெரியும்? அதனால் எனக்கு வருகிற கடல் எங்கள் ஊர் வயலுக்குள்தான் வரும். சத்தமே இல்லாமல், கணுக்கால் அளவு, பனியோடு பனியாக. களை எடுக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள். வரப்பில் நின்று நான் கத்துவேன், என் குரல் வெளியே வராது. போதகர் ஆமென் சொன்னதும் கண்ணைத் திறந்தால் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும், பக்கத்தில் யாராவது மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பார்கள்.

அதோடு வேலை ஆரம்பமாகிவிடும். அலை வந்த வருஷம் எங்கள் சபையிலிருந்து ஒரு வேனில் அரிசியும் போர்வையும் ஏற்றிக்கொண்டு சிலர் கடற்கரைக்குப் போனார்கள். திரும்பி வந்தவர்கள் ரொம்ப நாள் சரியாகப் பேசவில்லை. அடுத்த வருஷம் அதே நாள் வந்தபோது, வெறுமனே ஜெபம் பண்ணிவிட்டு வீட்டுக்குப் போய் மிச்சமிருக்கிற பிரியாணியைச் சுடவைத்துச் சாப்பிட யாருக்கும் மனசு வரவில்லை. அப்போதிருந்த போதகர்தான் சொன்னார், இன்றைக்கு நம் கையால் யாருக்காவது ஒரு நன்மை நடக்கட்டும் என்று. அப்படித் தொடங்கியதுதான் இந்தப் பழக்கம்.

நாங்கள் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் நோயாளிக்குத் துணையாக வந்து பாய் விரித்துப் படுத்துக் கிடப்பார்களே, அவர்களுக்குத் தக்காளி சாதப் பொட்டலம் கொடுப்போம். மேலூர்ச் சாலையில் கல் அறுக்கிற ஷெட்டுகளில் வடக்கிலிருந்து வந்த பையன்கள் பனியில் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடப்பார்கள். அவர்களுக்குப் போர்வை. ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில் ஒரு பெரியவர் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, "யாரு வீட்டு விசேஷம் தாயீ?" என்று கேட்டார். "விசேஷம் இல்லங்கய்யா, கடல்ல போனவங்க ஞாபகம்" என்றேன். அவர் சாப்பிடாமல் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம், "நல்லா இருக்கட்டும்" என்றார். போனவர்களைச் சொன்னாரா இருக்கிறவர்களைச் சொன்னாரா, தெரியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாக வேன் வந்து நிற்கிற இடம் கடற்கரை அக்கா வீடு.

அக்கா நாகப்பட்டினம் பக்கத்துக் குப்பத்தில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவர். கிறிஸ்மஸுக்கு மறுநாள் பக்கத்து வீடுகளுக்குப் பலகாரம் கொடுப்பது எல்லா ஊரிலும் எங்கள் ஆட்கள் வழக்கம். அன்று காலையில் அக்கா ஒரு தூக்குவாளியில் முறுக்கும் அதிரசமும் எடுத்துக்கொண்டு, ஊருக்கு உள்ளே தள்ளியிருந்த தெரிந்த வீடுகளுக்குப் போயிருக்கிறார். அப்போதுதான் அலை வந்தது. அம்மா, தம்பி, தம்பி பெண்டாட்டி, அக்காவின் மகள், இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தவள், எல்லோரும் போய்விட்டார்கள். பிறந்த வீடு என்று சொல்ல ஒரு ஆள் மிஞ்சவில்லை. வீட்டுக்காரர் மட்டும் நடுக்கடலில் படகில் இருந்தார். அங்கே அலை வந்ததே தெரியவில்லையாம். கரைக்கு வந்து பார்த்துவிட்டு, அவர் திரும்பக் கடலில் இறங்கவே இல்லை.

கடல் இல்லாத ஊர் வேண்டும் என்று இருவரும் மதுரைக்கு வந்தார்கள். வீட்டுக்காரர் கப்பலூரில் ஒரு சின்னக் கம்பெனியில் சுமை ஏற்றி இறக்குகிற வேலைக்குப் போனார். கே.கே. நகருக்குப் பின்னால் கண்மாய் தெரியாத பக்கமாகப் பார்த்து ஒரு வீடு பிடித்தார்கள். பஸ்ஸில் வைகைப் பாலத்தைத் தாண்டும்போது இன்றைக்கும் அவர் தலையைக் குனிந்துகொள்வார். ஆற்றில் மணலும் கருவேலமும் மாடும்தான் இருக்கும். அதைப் பார்க்கவும் அவருக்குத் தைரியமில்லை. இங்கே வந்த பிறகு அவர்களுக்கு இன்னொரு மகள் பிறந்தாள். இப்போது காலேஜ் போகிறாள்.

இந்த அக்காவைத்தான் எங்கள் சபை தலையில் வைத்துத் தாங்கியது. தாங்கியது என்றால் கொஞ்சநஞ்சமா? இருபத்தாறாம் தேதி மத்தியானம் வேனோடு போய் அவர் வாசலில் நிற்போம். ஒரு பாக்கெட் ரொட்டி, ஒரு சிப்பம் அரிசி, ஒரு புடவை. புடவை எப்போதும் வெளிர் நிறம். சாம்பல், சந்தனம், நரைத்த நீலம். துக்க வீட்டுக்குப் பளிச்சென்று எடுக்கலாமா என்று சபைப் பெண்களின் சங்கமான பெண்கள் ஐக்கியத்தில் யோசித்து யோசித்து எடுத்தது. புருஷன் குத்துக்கல்லாகப் பக்கத்தில் நிற்கிறார், பெண்டாட்டிக்கு விதவைச் சேலை! எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வரும். அக்கா மட்டும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போய் பீரோவில் வைப்பார். அந்த பீரோவைத் திறந்தால் மழைக்கால வானம் மாதிரி இருக்கும்.

காலை ஆராதனையில் அக்காவைப் பற்றி ஒரு சாட்சியும் உண்டு. இப்போதிருக்கிற போதகர் நல்ல மனிதர், வயதில் இளையவர். அவர் வருஷாவருஷம் சொல்வார்: பலகாரம் கொடுக்கப் போன அன்புதான் இந்தச் சகோதரியைக் காப்பாற்றியது. சபை ஆமென் சொல்லும். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு தடவை கோவில் பின்பக்கம் நானும் அவரும் அண்டா கழுவிக்கொண்டிருந்தபோது, யாரும் எதுவும் கேட்காமலே, "காப்பாத்துச்சாம்" என்றார். அவ்வளவுதான். மேற்கொண்டு புளியைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஒரு கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். போன டிசம்பரில் அக்காவின் மகள் அப்பாவுக்குச் சர்க்கரை ரிப்போர்ட் வாங்க வந்தாள். கூட்டம் இல்லாத மத்தியானம். எதிர்க்கடையில் காகித நட்சத்திரங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றில் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்புவதும் பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வருவதுமாக இருந்தன. அவள் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஸ்டார் வாங்கலையா இன்னும்?" என்று சும்மா கேட்டுவைத்தேன்.

"எங்க வீட்டுல கட்டமாட்டோம் ஆன்ட்டி."

"ஏன்டி?"

"துக்க வீடுல்ல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவள் பிறப்பதற்கு முன்னால் நடந்த சாவு. எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் நட்சத்திரம் கட்டமாட்டார்கள், அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைத்துப் பலகாரம் சுடமாட்டார்கள். வேதத்தில் எந்த அதிகாரத்திலும் இது கிடையாது. அக்கம்பக்கத்து இந்து வீடுகளில் எப்படியோ எங்கள் வீடுகளிலும் அப்படி. அடுத்த வருஷம் அந்த வீட்டுப் பெண்ணின் பிறந்த வீட்டிலிருந்து எண்ணெயும் மாவும் புதுப்புடவையும் கொண்டுவந்து, அவர்கள் கையால் சட்டியை அடுப்பில் வைத்துக் கொடுத்தால் துக்கம் முடிந்தது. அப்புறம் பண்டிகை உண்டு. ஒரு வருஷத்தோடு போகிற காரியம். அக்காவுக்குச் சட்டி வைத்துக் கொடுக்கப் பிறந்த வீட்டில் ஆள் யார் இருக்கிறார்கள்? யாரும் வரவில்லை. துக்கம் முடியவில்லை. நாங்களும் வருஷம் தவறாமல் வெளிர் புடவையோடு போய் அதைப் புதுப்பித்துவிட்டு வந்துகொண்டிருந்தோம்.

"கேரல் ரவுண்ட்ஸ் வருவீங்கள்ல ஆன்ட்டி," என்றாள் அவள், "தூரத்துலருந்தே மேளம் கேக்கும். சின்னப் பிள்ளையில ஓடிப் போயி சன்னல்ல நிப்பேன். எங்க தெரு முக்குக்கு வந்ததும் மேளம் நின்னுரும். எல்லாரும் மெதுவா வந்து ஜெபம் பண்ணிட்டுப் போவாங்க. அந்தப் பக்கம் போனதும் மறுபடி மேளம் கேக்கும். ரொம்ப நாளு வரைக்கும், எல்லார் வீட்டுலயும் அப்படித்தான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"உங்கம்மாவுக்கு இஷ்டமா, இப்பிடி இருக்குறது?"

"அம்மா வாயத் தொறந்து சொல்லமாட்டாங்க. ஆனா டிசம்பர் வந்தா முறுக்கு பிழியிற உழக்க எடுத்துக் கழுவிக் காயவைப்பாங்க. காஞ்சதும் துணியில சுத்தி மேல வச்சிருவாங்க. சட்டி வைக்க அம்மா வீட்டுலருந்து ஆளு வரணும்னு ஒரு தடவ சொன்னாங்க. எனக்கு ஒரு வருஷமாச்சும் எங்க வீட்டுல கிறிஸ்மஸ் வரணும் ஆன்ட்டி. அடுத்த வருஷம் படிப்பு முடிஞ்சா வேலைக்கு எந்த ஊருக்குப் போறேனோ."

அன்று சாயங்காலம் ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போகும்போது கே.கே. நகர் தெருக்களில் விளக்கு போட ஆரம்பித்திருந்தார்கள். மார்கழிப் பனி லேசாக இறங்கியிருந்தது. சிவப்பு, மஞ்சள் நட்சத்திரங்கள் மாடிகளில் மிதந்துகொண்டிருந்தன. வீட்டுச் சுவர்கள் தெரியவில்லை, வெளிச்சம் மட்டும் தெரிந்தது. எனக்கு அந்தத் தெரு முழுக்க மெதுவாகத் தண்ணீர் நிறைகிற மாதிரியும், நான் வண்டியோடு அதற்குள் போய்க்கொண்டிருக்கிற மாதிரியும் இருந்தது. ஒரே ஒரு வீட்டுக்கு முன்னால் மட்டும் இருட்டு. அந்த வீட்டில் ஒரு பெண் உழக்கைக் கழுவிக் கவிழ்த்துவைக்கிறாள். நினைக்க நினைக்க எனக்கு யார் மேல் என்றில்லாமல் கோபம் வந்தது.

பெண்கள் ஐக்கியத்தில் போய்ச் சொன்னேன், இந்த வருஷம் நாமே போய்ச் சட்டி வைத்துக் கொடுப்போம் என்று. எல்லோரும் நல்லவர்கள், ஒருத்தரையும் குறை சொல்ல முடியாது. அதுதான் சங்கடமே. "அக்கா மனசு புண்பட்ருமேம்மா" என்றார் ஒருவர். "நல்ல நாளும் அதுவுமா நாமளே போயி ஞாபகப்படுத்துன மாதிரி ஆயிரும்" என்றார் தலைவி.

"அவங்க மறந்தாத்தானே நாம ஞாபகப்படுத்த!" என்றேன். குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது. எனக்குப் பொறுமை குறைவு என்பது சபையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இந்த வாயை வைத்துக்கொண்டு நீ எப்படி ஊசி குத்துகிறாய் என்று என் வீட்டுக்காரரே கேட்பார்.

பேச்சு நீண்டுகொண்டே போனது. அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்று முடித்தார்கள். அடுத்த கூட்டம் ஜனவரியில். நான் எழுந்து வந்துவிட்டேன்.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் கிளினிக்கில் பாதி நாள் லீவு சொன்னேன். கடலை எண்ணெய் ஒரு டின், அரைத்த முறுக்கு மாவு, வெல்லம், தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம், புதிதாக ஒரு இரும்புச் சட்டி. புடவைக் கடையில் கிளிப்பச்சையில் அரக்கு பார்டர் வைத்து ஒன்று எடுத்தேன். கடைக்காரப் பையன், "யாருக்குக்கா, கல்யாணப் பொண்ணுக்கா?" என்று கேட்டான். "எங்கக்காவுக்கு" என்றேன். சொல்லும்போது வாயில் ஒரு தித்திப்பு இருந்தது. எனக்குக் கூடப்பிறந்த அக்கா கிடையாது.

வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி ஒவ்வொன்றாக இறக்கிவைத்தேன். அக்கா கதவைத் திறந்து பார்த்தார். ரொட்டியும் அரிசியும் இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டதோ என்றுதான் நினைத்திருப்பார். சட்டியைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"என்னம்மா இது?"

"சட்டி வைக்க வந்துருக்கேன்க்கா."

"அத நீ வைக்கக் கூடாது. அது பொறந்த வீட்டு ஆளுங்க வைக்கணும்."

"பொறந்த வீட்டுலருந்துதான் வாரேன்."

பின்னால் மகள் வந்து நிற்பது தெரிந்தது. அந்த வீட்டுக்குள் எப்போதும் இருக்கிற அந்த அமைதி, பகலிலும் யாரோ தூங்குகிற வீட்டில் இருப்பது மாதிரியான அமைதி, என்னையும் மெதுவாகப் பேசவைத்தது.

"மேலூர்க்காரி நானு. உங்க பொறந்த வீடு இனிமே மேலூருன்னு வச்சுக்கங்க. கண்ணுக்கெட்டுன வரைக்கும் வயக்காடு, அதத் தாண்டுனா கல்லுமலை. அம்புட்டு தூரம் எந்த அலையும் வராது."

அக்கா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். அழப்போகிறார் என்று நினைத்தேன். அவருக்குக் கோபம்தான் வந்தது. "இம்புட்டு வருசமா எங்க போயிருந்த?" என்றார். என்னைக் கேட்டாரா, எங்கள் எல்லோரையுமா, போய்விட்ட அம்மாவையா? டின்னைத் தூக்கிக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போனேன். திட்டுகிற வீட்டுக்குள்தான் உரிமையோடு நுழைய முடியும்.

மாவைப் பிசைந்து அதன் மேல் விரலால் ஒரு சிலுவை போட்டேன். மகள் உழக்கை மேலேயிருந்து எடுத்துக்கொண்டு வந்து துணியைப் பிரித்தாள். பித்தளை பளபளவென்று இருந்தது. அடுப்பைப் பற்றவைத்துச் சட்டியை நான் வைத்தேன். எண்ணெயை ஊற்றினேன். சட்டி வைப்பது பிறந்த வீடு, முதல் முறுக்கைப் பிழிய வேண்டியது வீட்டுக்காரி. அதை மட்டும் என்னால் செய்ய முடியாது.

எண்ணெய் காய்கிற வாசம் எழும்பியது. அக்கா அடுப்படி வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"இந்த வாசந்தான்" என்றார். "அன்னைக்கும் வீடு பூரா இந்த வாசந்தான் இருந்துச்சு. நான் கெளம்புறப்ப என் சேலையில இருந்துச்சு. சாயங்காலம் வரைக்கும் போகல."

மாவில் ஒரு துளி கிள்ளிப் போட்டேன், சடசடவென்று மேலே வந்தது. எண்ணெய் அதற்கு மேல் காய்ந்தால் கருகிவிடும், அடுப்பைக் குறைக்கலாமா என்று யோசித்தேன். அந்த நேரத்தில் அக்கா உள்ளே வந்தார். மகள் கையிலிருந்து உழக்கை வாங்கினார். கரண்டியின் பின்பக்கத்தில் ஒரு சுற்றுப் பிழிந்து சட்டிக்குள் நழுவவிட்டார். எண்ணெய் பொங்கி நுரைத்து அந்த முறுக்கை மூடிக்கொண்டது. நாங்கள் மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். நுரை மெல்ல மெல்ல அடங்கியது. பொன்னிறமாக, ஒரு சுற்றும் விட்டுப்போகாமல் முறுக்கு மேலே மிதந்தது.

அக்கா அதை எடுத்து இரண்டாக ஒடித்து, சூடாக இருக்கும்போதே பாதியை மகள் வாயில் வைத்தார். அவள் வாயை ஊதி ஊதித் தின்றாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. மறு பாதியை என்னிடம் நீட்டி, "உப்பு சரியா இருக்கான்னு பாரு" என்றார். உப்பு கொஞ்சம் குறைவுதான். நான் சொல்லவில்லை.

அதற்கப்புறம் நேரம் போனதே தெரியவில்லை. அக்கா பிழிய, நான் எடுக்க, மகள் வடிதட்டில் அடுக்க. சன்னல் வழியாக வந்த மாலை வெயிலில் எண்ணெய்ப் புகை நீலமாகச் சுற்றியது. அக்கா பச்சைப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு பார்டரைத் தடவிக்கொண்டே தன் அம்மாவைப் பற்றிப் பேசினார். அதிரசத்துக்குப் பாகு பார்க்கிறதில் அந்தக் குப்பத்திலேயே அம்மாவுக்குத்தான் கை ராசியாம். தம்பி முறுக்கைத் திருடி வலைக்குள் ஒளித்துவைப்பானாம். இத்தனை வருஷம் சாட்சியில் வெறும் எண்ணிக்கையாக இருந்தவர்கள் ஒவ்வொருவராக அந்தச் சின்ன அடுப்படிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். அன்றைக்கு அங்கே எனக்குப் பயமே இல்லை. சந்தோஷமாக இருந்தது.

வீட்டுக்காரர் கம்பெனியிலிருந்து வந்தார். வாசலில் மகள் ஸ்டூல் மேல் ஏறி நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தாள். மனிதர் செருப்பைக் கூடக் கழற்றாமல் அப்படியே நின்றார். பிறகு அவள் கையிலிருந்து கயிற்றை வாங்கி ஒரு முடிச்சுப் போட்டார். படகைக் கட்டுகிற முடிச்சு. எந்தக் காற்றுக்கும் அவிழாது.

அன்று சாயங்காலம் கேரல் கடைசி ரவுண்டு. தெரு முக்கில் வழக்கம்போல் மேளம் நின்றது. அந்த நிசப்தத்தை வீட்டுக்குள்ளிருந்து நான் முதல்முறையாகக் கேட்டேன். காதை அடைத்த மாதிரி இருந்தது. யாரோ தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார்கள். யாரோ, "ஸ்டார் எரியுதுடா மாப்ள" என்றார்கள். பிறகு மேளம் ஒரே போடாகக் கிளம்பியது. பெண்கள் ஐக்கியத் தலைவியே முன்னால் வந்து கையைத் தட்டிப் பாடினார். அக்கா ஒரு தாம்பாளம் நிறைய முறுக்கை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கொடுக்கிற கையாக அவரை அந்தத் தெரு அன்றுதான் பார்த்தது.

இருபத்தாறாம் தேதி காலை ஆராதனைக்கு அக்கா வரவில்லை. போதகர் இரண்டு தடவை வாசலைப் பார்த்தார். ஆசைப்பட்டு அவசரப்பட்டுவிட்டோமோ, அந்த வாசம் ராத்திரியெல்லாம் அவரைத் தூங்கவிடவில்லையோ? ஆமென் சொல்லும் முன்பே ஸ்கூட்டரை எடுத்துவிட்டேன். வழியெல்லாம் பனி. கண்மாய்ப் பக்கத்திலிருந்து வெள்ளையாக எழும்பித் தெருவுக்குள் வந்துகொண்டிருந்தது.

அக்கா வீட்டுக் கதவு திறந்திருந்தது. அவர் கிளிப்பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு, தூக்குவாளி நிறைய முறுக்கும் அதிரசமுமாக நிலைப்படிக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக அப்படி நின்றாரோ. வாளியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து விரலெல்லாம் வெளுத்திருந்தது.

"பண்டிகைக்கு மறுநாளு பக்கத்து வீடுகளுக்குக் குடுக்கணும்ல" என்றார். "நீங்கள்லாம் யார் யாருக்கோ குடுக்குறீங்க. நானும் குடுக்கணும்ல. அம்புட்டும் எடுத்து வச்சிட்டேன். காலு வெளிய வைக்க வரமாட்டேங்குது."

வாளியை நான் வாங்கிக்கொள்கிறேன் என்று கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

உள்ளே குளியலறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மகள் தலையில் சுற்றிய துண்டோடு ஓடி வந்தாள். "அம்மா, இருங்க, நானும் வாரேன்" என்றாள். துண்டு அவிழ்ந்து விழுந்தது. நீளமான முடி. நுனியிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது.

அக்கா அந்த ஈரத் தலையையே பார்த்தார்.

"பெரியவளும் இப்பிடித்தான் ஓடி வந்தா" என்றார் என்னிடம். அவ்வளவு மெல்லிய குரலை நான் கேட்டதில்லை. "அன்னைக்குத் தலைக்கு ஊத்தி விட்டுருந்தேன். நானும் வாரேன்னு என் சேலையப் புடிச்சா. ஈரத் தலையோட பனியில வராத, சளி புடிச்சிக்கிரும், தலை காயட்டும், நீ இருன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

மகளுக்கும் இது அதுவரை தெரியாது. மெதுவாகக் குனிந்து துண்டை எடுத்து, "சரிம்மா, நான் இருக்கேன்" என்றாள்.

அக்கா வாளியை இடக்கைக்கு மாற்றினார். வலக்கையை நீட்டி மகளின் மணிக்கட்டைப் பிடித்தார். படியைத் தாண்டி முதல் காலை வெளியே வைத்தார்.

"வா" என்றார். "போற வழியில காஞ்சிரும்."